இருபது பாதாமும் ஒரு கை மல்லாட்டையும்

வாசகி கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வயது 67. விழுப்புரம் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். கணவருக்கு 74. பதினைந்து வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்கும் முன்னால் ஒருமுறை சிறுநீரகக் கல் எடுத்திருக்கிறார். எனக்குத் தைராய்டு மாத்திரை, மேல்வரிசைக்குப் பல்செட். 89 வயதான என் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார். சென்னையில் இருக்கும் மகள் மாதாமாதம் பாதாம், அக்ரூட் (வால்நட்), பிஸ்தா, முந்திரி என்று ஒரு பெட்டி அனுப்புகிறாள். 'அப்பாவுக்குத் தினமும் இருபது பாதாம், மூளைக்கு அக்ரூட்' என்பது அவள் உத்தரவு. எங்கள் வீட்டில் வருடம் முழுக்க மல்லாட்டை (நிலக்கடலை) இருக்கும். அது கொழுப்பு, பித்தம், இனிமேல் தொடக்கூடாது என்கிறாள். எங்களுக்கு எது நல்லது, எத்தனை சாப்பிடலாம்? நான் பாதாமை ஊறவைத்துத் தோலுரித்து, விடியற்காலையில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டுவிடுகிறேன். சரிதானே?

உணவியல் ஆலோசகர் பதில்:

அன்புள்ள டீச்சர்,

கடைசியில் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நாளைக் காலையிலேயே மாற்ற வேண்டியது அதுதான். தைராய்டு மாத்திரையோடு பாதாம் வேண்டாம். அந்த மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போக வேண்டியது. நார்ச்சத்து, கால்சியம், சோயா, அக்ரூட் போன்றவை கூடவே போனால் மருந்து உடம்பில் சேர்வது குறைகிறது. மாத்திரை போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபிகூட வேண்டாம். நட்ஸை முற்பகல் பதினொரு மணிக்கோ மாலை நாலு மணிக்கோ தள்ளிவிடுங்கள். கால்சியம் மாத்திரையும் எடுப்பவராக இருந்தால் அதற்கு நாலு மணி நேர இடைவெளி விட வேண்டும். பல மாதமாக இப்படிச் சாப்பிட்டு வந்திருந்தால் ஒன்று கவனியுங்கள்: மாத்திரையின் அளவை டாக்டர் ஏற்றி வைத்திருக்கலாம். பழக்கத்தை மாற்றி ஆறேழு வாரம் கழித்து தைராய்டு அளவைக் காட்டும் டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனை செய்து, பாதாமை நேரம் மாற்றிய விஷயத்தையும் அவரிடம் சொல்லுங்கள்.

இப்போது பெட்டிக்கு வருவோம்.

என்னிடம் வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் 'எந்த நட்ஸ் நல்லது' என்றுதான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, 'எதை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடப் போகிறீர்கள்' என்று. பாதாமோ முந்திரியோ மல்லாட்டையோ, முப்பது கிராம் என்றால் 170லிருந்து 195 கலோரி வரை வரும். ஏறக்குறைய மூன்று இட்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வேளைச் சாப்பாடும், மாலை டீயும், டீயோடு நாலு பிஸ்கட்டும் அப்படியே இருக்க, அதற்கு மேல் இருபது பாதாம் ஏறினால் எடைதான் கூடும். அந்த நாலு பிஸ்கட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சிறு கை கொட்டை வந்தால் கதையே வேறு. மைதாவும் சர்க்கரையும் ஏற்றுகிற வேகத்தில் கொட்டை ரத்தச் சர்க்கரையை ஏற்றாது. புரதமும் நாரும் நல்ல கொழுப்பும் சேர்ந்து இருப்பதால் இரவுச் சாப்பாடு வரை பசியும் தாங்கும். உங்கள் வீட்டில் நாலு மணிக்கு டீயோடு என்ன வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. பிஸ்கட், முறுக்கு, மிக்ஸர் என்று ஏதோ ஒன்று இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

மல்லாட்டையைத் தொடக்கூடாது என்பதை நான் ஒப்பவில்லை. தாவரத்தில் விளையும் எதிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. மல்லாட்டையிலும் இல்லை, முந்திரியிலும் இல்லை. மல்லாட்டையில் கொழுப்பு உண்டு, நூறு கிராமில் பாதிக்குச் சற்றுக் குறைவு. பாதாமிலும் அதே அளவுதான். இரண்டிலும் பெரும்பகுதி இதயத்துக்கு ஒத்துப்போகும் வகைக் கொழுப்பு. புரதத்தில் மல்லாட்டை ஒரு படி மேலே: நூறு கிராமுக்கு 25 கிராமை ஒட்டி வரும். பாதாமில் 20 கிராமை ஒட்டியும் அக்ரூட்டில் 15 கிராமை ஒட்டியும்தான். செடியின் கணக்கில் அது கொட்டையே அல்ல, உளுந்து, துவரையின் உறவு, பயறு இனம். வெளிநாட்டுச் சரக்குதான் உசத்தி என்று யாராவது சொன்னால், மல்லாட்டையும் கப்பலேறி வந்ததுதான் என்று சொல்லுங்கள். தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பி, உங்கள் பக்கம் மணிலாக்கொட்டை என்று பெயர் வாங்கி, அதுவே பேச்சில் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. பண்ருட்டி முந்திரிக்கும் பூர்வீகம் பிரேசில்.

பாதாம் மிஞ்சுகிற இடங்களும் இருக்கின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. வைட்டமின் ஈ அதில்தான் அதிகம், கால்சியமும் மல்லாட்டையைவிட இரு மடங்குக்கு மேல். ஆனால் இருபது பாதாமின் கால்சியம் 60 மில்லிகிராம் அளவுதான். ஒரு தம்ளர் பாலில் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு இருக்கிறது. எலும்புக்காகப் பாதாம் என்று யாராவது சொன்னால் பாலையும் தயிரையும் கேழ்வரகையும் எள்ளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மல்லாட்டையில் நான் பயப்படுவது பித்தத்துக்கு அல்ல, பூஞ்சைக்கு. 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் பார்த்ததில் அவற்றின் தீவனத்தில் இருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை விஷம் இருந்தது. அஃப்ளாடாக்ஸின் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். கல்லீரலைக் கெடுக்கக்கூடியது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. அதனால் மூட்டையில் கிடந்து ஈரம் பட்ட கடலை, சுருங்கியது, கறுத்தது, பச்சையோ மஞ்சளோ படிந்தது, உடைத்தால் உள்ளே சாம்பல் நிறமாக இருப்பது எதுவும் வேண்டாம். உங்கள் அம்மா காலத்தில் முறத்தில் போட்டுப் புடைத்துப் பொறுக்கினார்களே, அந்த வேலை காரணமில்லாமல் வந்ததல்ல. வாயில் போட்டதும் ஒன்று கசந்தால் கூச்சப்படாமல் துப்பிவிடுங்கள். ஒரு கடலைதானே என்று விழுங்கும் பழக்கம் நம் தலைமுறையில் நிறையப் பேரிடம் இருக்கிறது. சாப்பாட்டை வீணாக்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம், நானும் அப்படித்தான் இருந்தேன்.

சரி, உங்கள் கணவர். இந்தக் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தவர் அவர்தான்.

இதயத்துக்கு நட்ஸ் நல்லது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஸ்பெயினில் இதயநோய் அபாயம் அதிகமுள்ள, 55லிருந்து 80 வயதுக்குட்பட்ட 7,447 பேரை வைத்து ஏறக்குறைய ஐந்து வருடம் நடந்த ப்ரெடிமெட் ஆய்வில், ஒரு பிரிவினருக்குத் தினமும் 30 கிராம் கொட்டை கொடுத்தார்கள். அதில் பாதி அக்ரூட், மீதியில் பாதாமும் ஹேசல்நட்டும். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கில் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைவு தெரிந்தது. 2013ல் வெளியான அந்த ஆய்வில் ஆட்களைப் பிரித்த முறையில் குறை கண்டு திரும்பப் பெற்றார்கள். மறுபடி கணக்கிட்டு 2018ல் வெளியிட்டபோதும் முடிவு பெரிதாக மாறவில்லை. ஆனால் அவர்கள் கொட்டையை மட்டும் தின்றவர்கள் அல்ல. காய், பழம், பயறு, மீன் என்று சாப்பாட்டு முறையையே அதற்கேற்ப வைத்துக்கொண்டவர்கள். உங்கள் மகள் கேள்விப்பட்டதற்கு அடிப்படை இருக்கிறது, 'இருபது பாதாம்' என்று அதைச் சுருக்கிவிட்டதில்தான் கோளாறு.

ஏன் என்றால், அவர் கல் எடுத்தவர். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸலேட் வகை. ஆக்ஸலேட் என்பது தாவர உணவுகளில் இயல்பாக இருக்கும் ஒரு பொருள், சிறுநீரில் கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும். கொட்டைகளில் ஆக்ஸலேட் மிக அதிகமாக இருப்பது பாதாமில், அடுத்தது முந்திரியில். இருபது பாதாமில் ஏறக்குறைய நூறு மில்லிகிராம் ஆக்ஸலேட் போய்விடும். ஆக்ஸலேட் கல் வந்தவர்களுக்கு ஒரு நாள் முழுமைக்குமே அந்த அளவுக்குள் நிறுத்தச் சொல்வதுதான் வழக்கம். அன்பாக அனுப்பிய பெட்டியில் அவருக்குப் பொருந்தாத ஒன்றைத்தான் மகள் முதலில் எண்ணிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்லாதீர்கள், கல் எடுத்த கதை பெண்ணுக்கு மறந்திருக்கும். கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பிய அறிக்கை பழைய ஃபைலில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கால்சியம் ஆக்ஸலேட் என்று இருந்தாலோ, அறிக்கையே கிடைக்காவிட்டாலோ, பாதாமையும் முந்திரியையும் அவர் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அக்ரூட்டிலும் பிஸ்தாவிலும் ஆக்ஸலேட் குறைவு. மல்லாட்டை நடுவில் நிற்கிறது, வாரத்தில் இரண்டு மூன்று நாள் சிறு அளவில் சரி. எதைச் சாப்பிட்டாலும் கூடவே மோரோ தயிரோ இருக்கட்டும். கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். கல் வந்தவர் கால்சியத்தையே விலக்க வேண்டும் என்று பலர் நினைப்பது தப்பு. தண்ணீரும் நன்றாகக் குடிக்க வேண்டும், அதற்கு இதய டாக்டர் அளவு எதுவும் விதித்திருக்காவிட்டால்.

இதற்குமேல் ஒரு பூட்டு இருக்கிறது. பதினைந்து வருடச் சர்க்கரை, பிரஷர், கூட ஒரு கல். இப்படிப்பட்டவருக்கு சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் நான் எந்தக் கொட்டையையும் எண்ணிச் சொல்ல மாட்டேன். கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் ஆல்புமின் மூன்றையும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பொட்டாசியத்தைக் குறையுங்கள், பாஸ்பரஸைக் குறையுங்கள் என்று டாக்டர் எப்போதாவது சொல்லியிருந்தால், எல்லா நட்ஸுமே அவர் அனுமதியோடுதான். பிஸ்தாவில் பொட்டாசியம் அதிகம், முப்பது கிராமிலேயே ஒரு வாழைப்பழத்தை நெருங்கிவிடும். பிரஷருக்காக உங்கள் கணவர் எடுக்கும் மாத்திரைகளில் சில ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை என்பதால், மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தால், அவருக்கு என் கணக்கு இது. மாலை நாலு மணி டீயோடு, பிஸ்கட்டுக்குப் பதிலாக, ஒரு நாள் நாலைந்து அரைத்துண்டு அக்ரூட்டும் பத்துப் பிஸ்தாவும், மறுநாள் ஒரு சிறு கை அவித்த மல்லாட்டை. பிஸ்தாவை ஓட்டோடு கொடுங்கள். உடைத்து உடைத்துச் சாப்பிடும்போது கை தானாக நிற்கும், மேசையில் குவியும் ஓடும் எத்தனை ஆயிற்று என்று காட்டும். ஆனால் கடைகளில் ஓட்டுப் பிஸ்தா பெரும்பாலும் உப்பில் புரட்டித்தான் வருகிறது. பெட்டியின் பின்பக்கத்தைப் படித்து, உப்பு சேர்க்காததை அனுப்பச் சொல்லுங்கள். பிரஷர்காரருக்கு மசாலாக் கடலையும் உப்புக் கடலையும் கிடையாது. கடலை மிட்டாயும் கிடையாது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வெல்லப் பாகும் சர்க்கரைதானே.

அக்ரூட்டும் மூளையும் பற்றி. உடைத்தால் மூளை மாதிரி இருக்கிறது என்பதால் பிறந்த நம்பிக்கை இது. பார்சிலோனாவிலும் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவிலும், 63லிருந்து 79 வயது வரையுள்ள எழுநூறு சொச்சம் பேரை வைத்து இரண்டு வருடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பாதிப் பேர் தினமும் அக்ரூட் சாப்பிட்டார்கள், மறுபாதிப் பேர் சாப்பிடவில்லை. நினைவாற்றல், சிந்திக்கும் திறன் சோதனைகளில் மொத்தமாகப் பார்க்கும்போது இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. கெட்ட கொலஸ்ட்ரால் மட்டும் அக்ரூட் சாப்பிட்டவர்களுக்குக் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆகவே இதயத்துக்கு என்று கொடுங்கள், மறதிக்கு மருந்து என்று கொடுக்க வேண்டாம். ஒமேகா-3 இருக்கிறதே என்றால், இருக்கிறது. ஆனால் தாவரத்தில் இருக்கும் ஒமேகா-3ல் சிறு பகுதியைத்தான் உடம்பு மீனில் இருக்கிற வகையாக மாற்றிக்கொள்ளும். உங்கள் வீட்டில் மீன் உண்டு என்றால், வாரம் இரண்டு நாள் மத்திக் குழம்பு அக்ரூட்டைவிட நேர்வழி, விலையும் குறைவு.

உங்களுக்கு டீச்சர், பாதாம் தாராளமாகச் சரி, ஏழெட்டு போதும். அதோடு கொஞ்சம் மல்லாட்டை. ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்குக் கொட்டையும் விதையும் சேர்த்து 35 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். நம் வயதில் அவ்வளவு கலோரி செலவாவதில்லை. இருபதிலிருந்து இருபத்தைந்து கிராமில் நில்லுங்கள். தோசைக்கு எள்ளுப்பொடியோ கடலைச் சட்னியோ வைத்த நாளில் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊறவைப்பது பல்லுக்காக, அவ்வளவுதான். ஊறவைத்தால் சத்து பல மடங்கு பெருகும் என்று பரவியிருக்கும் பேச்சை நம்ப வேண்டாம். தோல் விஷமும் இல்லை, அதில் நார்ச்சத்து இருக்கிறது. ஆனால் பல்செட் போட்டவருக்கு அந்தத் தோல் தகட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்து ஈறைப் புண்ணாக்கும், அதனால் நீங்கள் உரித்தே சாப்பிடுங்கள். மகள் என்ன சொன்னாலும் இது உங்கள் வாய். வறுத்த முழு மல்லாட்டையைக் கடித்துப் பல்செட்டை உடைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு முழுக் கொட்டை எதுவும் வேண்டாம், ஊறவைத்ததும்கூட. 89 வயதில் மெல்லும் பலமும் விழுங்கும் வேகமும் குறைந்திருக்கும். ஒரு பாதிப் பருப்பு மூச்சுக்குழாயில் போனால் ஆபத்து. தண்ணீர் குடிக்கும்போதே இருமல் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் அது விழுங்குவதில் சிக்கல் என்பதற்கு அறிகுறி, டாக்டரிடம் சொல்ல வேண்டியது. கடையில் விற்கிற பீநட் பட்டரைக் கரண்டியில் அப்படியே கொடுக்காதீர்கள், அண்ணத்திலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். மல்லாட்டையை மிதமாக வறுத்துத் தோலைப் புடைத்து, நைசாகப் பொடித்து வைத்துக்கொண்டு, கேழ்வரகுக் கஞ்சியில் இரண்டு ஸ்பூன் கலந்து, நிமிர்ந்து உட்கார வைத்துக் கொடுங்கள். பாதாம் பொடியும் இதேபோல் பாலில் சேர்க்கலாம். சொல்லப்போனால் உங்கள் வீட்டில் நட்ஸ் அதிகம் பயன்படப்போவது அவருக்குத்தான். இந்த வயதில் பசி குறைந்து, சோறும் ரசமுமாக நாள் ஓடிவிடும். தசை கரைந்துகொண்டே போகும். கொஞ்ச உணவில் கொஞ்சம் கூடுதல் புரதமும் கலோரியும் போய்ச் சேர அந்தப் பொடி ஒரு வழி. எடை கூடுமே என்று அவர் விஷயத்தில் கவலைப்பட வேண்டாம்.

முந்திரியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கெட்டதல்ல. மற்றவற்றைவிட மாவுச்சத்து கொஞ்சம் கூட, நார் குறைவு. அது தனியாக வருவதில்லை என்பதுதான் சங்கடம். நெய்யில் பொன்னிறமாகி, கேசரியோடோ பொங்கலோடோ வருகிறது.

மகளிடம் பேசும்போது பணத்தைப் பற்றியும் சொல்லலாம். ஒரு கிலோ பாதாம் விலையில் நல்ல மல்லாட்டை நாலைந்து கிலோ வாங்கலாம். பெட்டியை நிறுத்தச் சொல்ல மனசு வராது, புரிகிறது, அனுப்புவது பாதாம் மட்டுமல்லவே. அளவை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்: உப்பில்லாத ஓட்டுப் பிஸ்தா கால் கிலோ, அக்ரூட் கால் கிலோ, உங்களுக்கும் அம்மாவுக்குமாகப் பாதாம் அரைக் கிலோ. முந்திரி தீபாவளிக்குப் போதும். மல்லாட்டைக்கு உங்கள் ஊர்ச் சந்தையைவிட நல்ல இடம் சென்னையில் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

வைக்கும் இடமும் முக்கியம். நம் ஊர் வெயிலில் சீக்கிரம் கெடுவது அக்ரூட், அதில் இருக்கிற எண்ணெய் அப்படிப்பட்டது. அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் இரண்டு மாதம் இருந்தாலே சிக்கு வாடை வந்துவிடும். என் அம்மா விருந்தாளிக்கு என்று அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்த அக்ரூட், விருந்தாளி வந்தபோது சோப்பு மாதிரி ருசித்தது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், பத்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். போன மாதம் வந்த பெட்டி இப்போது அலமாரியில் இருந்தால், அதில் ஒரு அக்ரூட்டை எடுத்து மென்று பாருங்கள். லேசான துவர்ப்பு இருந்தால் இயல்பு. தொண்டையில் காறினால் டப்பாவோடு கொட்டிவிடுங்கள், கோழிக்கும் போட வேண்டாம்.